எதிரே உட்கார்ந்து பேச ஓர் ஆள்: பினாங்குப் பயணக் குறிப்புகள்

வியாழன், பட்டர்வொர்த்

பினாங்குக்கு நாசி கண்டார் சாப்பாட்டுக்காகப் போகிறவர்கள் உண்டு, தைப்பூசத்துக்காகப் போகிறவர்கள் உண்டு. நான் போவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்காக. ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஜார்ஜ் டவுனில் ஒரு சின்ன மண்டபத்தில் ஞாயிறுதோறும் ஆட்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைக்கிறார். ஒருவர் உள்ளூர்க்காரர், மற்றவர் வேலைக்காக வெளிநாட்டிலிருந்து வந்தவர். இருவரும் முன்பின் அறியாதவர்கள். முக்கால் மணி நேரம் பேசிவிட்டுப் போகலாம். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் டீச்சர் என்றே எழுதுகிறேன். இதைக் கிள்ளானில் எங்கள் வட்டாரத்தில் தொடங்க முடியுமா என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

கே.எல். சென்ட்ரலிலிருந்து காலை ரயில். ஈப்போவைத் தாண்டிய பிறகுதான் சன்னலுக்கு வெளியே பார்க்க ஏதாவது இருக்கும். புக்கிட் மேரா ஏரியின் நடுவே தண்டவாளம் போகும் இடம் வந்தால் கைப்பேசியை வைத்துவிட்டு எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள். மற்ற நேரமெல்லாம் டீச்சர் படிக்கச் சொல்லி அனுப்பியிருந்ததைப் படித்தேன்.

தப்பெண்ணத்தைக் குறைப்பது பற்றிய ஆய்வில் எல்லோரும் தொடங்கும் இடம் 1954. அந்த ஆண்டில்தான் அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட், இரு கூட்டத்தார் பழகினால் ஒருவர் மேல் ஒருவருக்கு இருக்கும் தப்பெண்ணம் குறையும் என்று எழுதினார். சும்மா பழகினால் போதும் என்று அவர் சொல்லவில்லை. பழகும் இடத்தில் இருவரும் சமமாக இருக்க வேண்டும், இருவருக்கும் ஒரே நோக்கம் இருக்க வேண்டும், போட்டி போடாமல் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், மேலே இருப்பவர்கள் அதை ஆதரிக்க வேண்டும். அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான ஆய்வுகள் வந்துவிட்டன. பெட்டிக்ரூ, டிராப் என்ற இருவர் 2006-ல் 515 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பழக்கம் தப்பெண்ணத்தைக் குறைக்கிறது, இந்த நிபந்தனைகளும் சேர்ந்தால் பலன் கூடுகிறது என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த விடை.

பட்டர்வொர்த்தில் இறங்கி, தீவுக்குப் பெரிப் படகு. எனக்குப் பக்கத்தில் தொழிற்சாலைச் சட்டை போட்ட நான்கு இளைஞர்கள் நின்றார்கள், வங்காளதேசத்துக்காரர்கள் போலிருந்தது. அவர்களைச் சுற்றி ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. மற்ற பக்கமெல்லாம் நெரிசல்.

வெள்ளி, ஆயர் ஈத்தாம்

டீச்சர் வீட்டில் பசியாறினோம். தோசை, நெத்திலிச் சம்பல், கோப்பி. மேசையைத் துடைத்த கையோடு பாடம் ஆரம்பித்துவிட்டது. இத்தனை வருடம் வகுப்பில் நின்றவர், குரல் இன்னும் கடைசி பெஞ்ச் வரைக்கும் போகிறது.

“வாதாடக் கூடாது. அதுதான் முதல் விஷயம், கடைசி விஷயமும் அதுதான்” என்றார்.

உட்கார்ந்ததும் உள்ளூர்க்காரரிடம் ஒரு கேள்வி கேட்பார்களாம். உங்கள் மாடியில், பக்கத்து வீட்டில் வெளிநாட்டுத் தொழிலாளர் குடிவந்தால் உங்களுக்கு எவ்வளவு சம்மதம், சுழியிலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள். அவர் எந்த எண்ணைச் சொன்னாலும் முகம் மாறக் கூடாது. ஏன் அந்த எண் என்று கேட்டு, சொல்வதை முழுக்கக் காதில் வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் முக்கியமான கேள்வி. உங்களை யாராவது ஆளைப் பார்த்த உடனே தள்ளி வைத்தது உண்டா? அவர் தன் கதையைச் சொல்வார், எதிரே இருப்பவர் தன் கதையைச் சொல்வார். கடைசியில் அதே எண் கேள்வி மறுபடியும். தொழிலாளியிடமும் உள்ளூர்க்காரர்களைப் பற்றி இப்படியே கேட்கிறார்கள். தப்பெண்ணம் ஒரு பக்கத்துக்கு மட்டும் சொந்தமானது இல்லை என்பதில் டீச்சர் கண்டிப்பாக இருக்கிறார்.

இந்த முறையின் வேர் லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிறது. 2008-ல் கலிபோர்னியாவில் ஒருபால் திருமணத்தைத் தடை செய்யும் தீர்மானம் வாக்கெடுப்பில் வென்றது. அதை எதிர்த்து வேலை செய்தவர்கள், தாங்கள் தோற்ற வட்டாரங்களுக்கே போய், கதவைத் தட்டி, “ஏன் அப்படி ஓட்டுப் போட்டீர்கள்?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டுக் கேட்டுத்தான் இந்த வழி உருவானது. தோற்ற கையோடு வென்றவன் வீட்டு வாசலில் போய் நின்று, பொறுமையாகக் காது கொடுப்பது எத்தனை பேரால் முடியும்? எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை.

இந்த வழியைப் பற்றி முதலில் வெளிவந்த ஆய்வு பொய்த் தரவு என்று தெரிந்து 2015-ல் திரும்பப் பெறப்பட்டது. அதன் ஓட்டைகளைக் கண்டுபிடித்தவர்களில் டேவிட் புரூக்மனும் ஜோஷுவா கல்லாவும் முக்கியமானவர்கள். சரி, இது பொய் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. தாங்களே மயாமியில் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தார்கள். 501 வாக்காளர்கள். வாசலில் சுமார் 10 நிமிடப் பேச்சு. திருநர் மேல் இருந்த தப்பெண்ணம் குறைந்தது, அந்த மாற்றம் 3 மாதமாவது நிலைத்தது. பேசப் போனவர் திருநராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலன் கிடைத்தது. 2016-ல் சயின்ஸ் இதழில் வந்தது. அப்புறம் 2020-ல், ஏழு இடங்களில் 6,869 பேரை வைத்து அவர்கள் செய்ததுதான் டீச்சருக்கு வேதம் மாதிரி. தீர்ப்புச் சொல்லாமல் கதையைப் பரிமாறிய பேச்சுகளுக்குப் பலன் இருந்தது, மாதக்கணக்கில் நின்றது. கதையை எடுத்துவிட்டு வாதத்தை மட்டும் வைத்த பேச்சுகளில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

“நம்ம ஆளுங்க வாதம்னா விட மாட்டாங்க. பட்டிமன்றம் பார்த்தே வளர்ந்தவங்க” என்றார் டீச்சர். அவர் சிரிக்கவில்லை. கவலையாகத்தான் சொன்னார்.

மதியம் முழுக்க ஒத்திகை. அவர் கோபக்கார அண்டைவீட்டுக்காரராக நடித்தார், நான் கேட்டேன். கேட்டுக்கொண்டே இருப்பது உடம்பையே களைக்க வைக்கும் வேலை.

சனி, ஜார்ஜ் டவுன்

இன்று சுற்றிப் பார்க்கும் நாள். ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங், பழைய பெயர் பிட் ஸ்ட்ரீட், அதில் ஒரு முனையிலிருந்து மெல்ல நடந்தேன். தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-லிருந்து இருக்கிறது. பக்கத்துத் தெருவில் 1833-ல் கட்டிய மகா மாரியம்மன் கோயில். கொஞ்சம் தள்ளிக் குவான் யின் கோயில், ஊதுவத்திப் புகை தெரு வரைக்கும் வருகிறது. மறு முனையில் 1818-ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். யுனெஸ்கோ 2008-ல் மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இந்தத் தெருவை நாடே கொண்டாடியது. கொண்டாட வேண்டிய தெருதான்.

ஆனால் நடக்க நடக்க எனக்கு வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பினாங்குத் தைப்பூசத்தில் சீனர்கள் குவியல் குவியலாகத் தேங்காய் உடைப்பதையும், காவடி எடுப்பதையும் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அது மனதாரச் செய்கிற பக்தி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே நாட்டில், வீடு வாடகைக்கு என்று வரும் விளம்பரங்களில் ‘சீனர் மட்டும்’, ‘இந்தியர் வேண்டாம்’ என்று பச்சையாக எழுதியிருக்கும். தொலைபேசியில் பெயரைச் சொன்னதும் வீடு போய்விட்டது என்று சொல்லப்படாத தமிழ்க் குடும்பம் நம்மில் எத்தனை? குடியிருப்பு வாடகைக்கு என்று தனிச் சட்டம் வரப்போகிறது என்று பல வருடமாகப் பேச்சு நடக்கிறது. அப்படி அடிபட்ட நம் வீடுகளிலேயே, மேல் மாடியை வாடகைக்கு விடும்போது ‘வெளிநாட்டுக்காரனுக்கு மட்டும் வேண்டாம்’ என்கிறோம். ஊரிலிருந்து வந்த தமிழனைக்கூட ‘ஊர்க்காரன்’ என்று ஒதுக்கி வைக்கிறோம்.

இருநூறு வருடமாக அருகருகே இருக்கிறோம். அருகில் இருக்கும் ஆளிடம் போய், உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பதைத் தெரு நமக்காகச் செய்துவிடாது.

மதியம் சூலியா தெருப் பக்கம் நாசி கண்டார் கடை. நீண்ட வரிசை. கரண்டி பிடிப்பவர், தட்டு எடுப்பவர், தே தாரேக் ஆற்றுபவர், எல்லோர் பேச்சிலும் ராமநாதபுரம், புதுக்கோட்டை வாடை. குழம்பைக் கலந்து ஊற்றச் சொல்வதைத் தவிர வரிசையில் யாரும் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாலை முழுக்க மழை.

ஞாயிறு, மண்டபம்

ஞாயிற்றுக்கிழமை கொம்தார் கோபுரத்துப் பக்கம் போனால் இந்தத் தீவில் யார் வேலை செய்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பர்மியர், நேப்பாளிகள், இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், வாரத்தில் ஒரு நாள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு கூடும் இடம் அது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-ல் வந்தது. அப்போது கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வந்த நம் பிள்ளைகள் நின்ற வரிசையில் இப்போது இவர்கள் நிற்கிறார்கள்.

மண்டபத்தில் ஆறு சின்ன மேசைகள். எல்லா நாற்காலியும் ஒரே மாதிரி. தேநீரை டீச்சரும் அவர் பேரனும்தான் கொண்டுவந்து வைக்கிறார்கள், தொழிலாளியை எழுந்து எடுக்க விடுவதில்லை. முதல் வாரங்களில் கடைப் பையன்கள் பழக்கத்தில் எழுந்து எல்லோருக்கும் ஊற்ற ஆரம்பித்துவிடுவார்களாம். “அந்த நிமிஷமே அவன் மறுபடியும் வேலைக்காரன் ஆயிடுறான்” என்றார் டீச்சர். ஆல்போர்ட் சொன்ன சமநிலை இந்த மண்டபத்தில் தேநீர்க் குவளையில் இருந்து ஆரம்பிக்கிறது.

நான் உட்கார்ந்த மேசையில் ஒரு பக்கம் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அங்கிள். எழுபதைத் தாண்டியவர், அடுக்குமாடியில் இரண்டு வீடு, ஒன்றை வாடகைக்கு விடுகிறார். மறுபக்கம் புதுக்கோட்டைப் பக்கத்து இளைஞர், உணவகத்தில் வேலை. பேச்சு தடைப்பட்டால் எடுத்துக் கொடுப்பது என் வேலை.

அங்கிள் சொன்ன எண் இரண்டு. “அவனுங்க பத்துப் பேரா வந்து ஒரு வீட்டுல அடைவானுங்க. ராத்திரி ரெண்டு மணிக்குச் சமைப்பானுங்க. குப்பையை அப்படியே மாடிப்படியில வைப்பானுங்க. நான் பொய் சொல்லல தம்பி, எங்க புளோக்ல நடக்குது.”

தம்பி தலையாட்டினார். மறுத்துப் பேசவில்லை.

நான் கேட்டேன். “அங்கிள், உங்களை யாராவது ஆளைப் பார்த்ததும் வேண்டாம்னு சொன்னது உண்டா?”

இல்லை என்றார் முதலில். அப்புறம் தேநீரை எடுத்துக் கொஞ்சம் குடித்தார். கல்யாணமான புதிது, எண்பதுகளில். வீடு காலி என்று தொலைபேசியில் சொன்னார்கள், அவர் ஹொக்கியன் சீனத்தில் பேசியிருக்கிறார். துறைமுகத்தில் கற்றுக்கொண்ட பாஷை, அச்சு அசலாக வருமாம். மனைவியைக் கூட்டிக்கொண்டு போய் நின்றதும் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார், ஆள் வந்துவிட்டது என்றார். ஒரு மாதம் கழித்தும் அந்த வாசலில் ‘வாடகைக்கு’ அட்டை தொங்கியது. “அந்த வழியாத்தான் தினமும் வேலைக்குப் போகணும். என் பொண்டாட்டி அந்தத் தெருவுல நடக்க மாட்டேன்னுட்டா, சுத்திக்கிட்டுத்தான் போவா.”

அதே ஆள், அதற்கு முன்பு ருக்குன் தெத்தாங்கா இரவுக் காவலில் சீனர், மலாய்க்காரர்களோடு சேர்ந்து சுற்றிய கதையையும் சொன்னார். 1975-ல் அரசாங்கம் கொண்டுவந்தது அது, அக்கம்பக்கத்து ஆண்கள் முறை வைத்துக் காவல் காக்க வேண்டும். கையில் டார்ச்சும் தடியும், விடிய விடியப் பேச்சு. “அதுல பழகுன டான் என் தம்பி மாதிரி. அவன் செத்தப்போ நான்தான் சவப்பெட்டிக்குத் தோள் குடுத்தேன்.” எனக்கு ரயிலில் படித்தது ஞாபகம் வந்தது. ஒரே நோக்கம், ஒரே தடி, அரசின் ஆதரவு, யாரும் யாருக்கும் முதலாளி இல்லை. ஆல்போர்டின் நிபந்தனைகள் எல்லாம் ஜெலுத்தோங் தெரு ஒன்றில் ராத்திரி இரண்டு மணிக்கு நடந்து போயிருக்கின்றன.

அதற்குப் பிறகுதான் தம்பி வாயைத் திறந்தார். “ஐயா, பத்துப் பேரா இருக்க எங்களுக்கும் பிடிக்கலைங்க. முதலாளி குடுத்த வீடு அது. ராத்திரி வேலைக்காரர் எந்திரிச்ச மெத்தையில பகல் வேலைக்காரர் படுக்கணும். நான் வாரத்துக்கு ரெண்டு தடவை விரிப்பைத் துவைப்பேன். எனக்குன்னு இருக்கிறது அந்த விரிப்பு மட்டும்தாங்க. ராத்திரி ரெண்டு மணிக்குச் சமைக்கிறது நாங்கதான். கடை மூடுறதே ஒன்றரைக்கு.”

அங்கிள் நிமிர்ந்து உட்கார்ந்தார். “வாடகைக்குச் சம்பளத்துல பிடிக்கிறானா?” பிடிக்கிறார்கள் என்றார் தம்பி. “எவ்வளவு?” சொன்னார். அங்கிள் ஒரு காலத்தில் தொழிற்சங்கத்தில் இருந்தவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. அடுத்த கால் மணி நேரம் அவர் கேட்டதெல்லாம் ஓவர்டைம், விடுப்பு, மருத்துவச் செலவு. தொழிலாளருக்குத் தங்குமிடத் தரம் வைக்கும் சட்டம் 1990-லிருந்தே இருக்கிறது. 2019-ல் திருத்தி மற்றத் துறை முதலாளிகளையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். அதை நான் சொன்னேன். தம்பி அப்படி ஒரு சட்டம் இருப்பதையே கேள்விப்பட்டதில்லை.

தம்பியிடமும் ஒரு கேள்வி இருந்தது. “இங்க உள்ள தமிழர்ங்க எங்களைப் பார்த்தா ஏன்யா மூஞ்சியைத் திருப்புறீங்க? ஊர்ல இருந்து கிளம்பும்போது, அங்கயும் நம்ம ஆளுங்கதானேன்னு நினைச்சு வந்தேன்.” அங்கிள் இதற்குப் பதில் சொல்லவில்லை. தன் தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதை மட்டும் சொன்னார். அது தம்பியின் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தானாம்.

முடிவில் எண் ஐந்து. “ரெண்டு மூணு பேரா, ஒழுங்கா இருந்தா எனக்குப் பரவால்ல. பத்துப் பேருன்னா இப்பவும் வேண்டாம்.” எனக்கு இது பெரிய மாற்றமாகத்தான் படுகிறது. உட்கார்ந்தபோது அவருடைய எதிர்ப்பு ஆட்களின் மேல் இருந்தது. எழுந்தபோது அது நெரிசலின் மேல், அந்த நெரிசலை உண்டாக்குகிற முதலாளியின் மேல் போயிருந்தது.

அடுத்த மேசையில் நடந்ததையும் எழுத வேண்டும். ஓர் ஆண்ட்டி. மோட்டாரில் வந்தவன் கழுத்துச் சங்கிலியைப் பறித்துக்கொண்டு போனதில் தார் ரோட்டில் விழுந்து தோள் எலும்பு முறிந்தவர். பறித்தவன் வெளிநாட்டுக்காரன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எதிரே நேப்பாளிக் காவலாளி. இருவரும் மலாயில் பேசினார்கள். காவலாளி 2015 நிலநடுக்கத்தில் இடிந்த வீட்டைப் பற்றிச் சொன்னார், ஆண்ட்டி கவனமாகக் கேட்டார், எப்போது ஊருக்குப் போவாய் என்று விசாரித்தார். ஆண்ட்டி சொன்ன எண் தொடக்கத்தில் ஒன்று, முடிவிலும் ஒன்று. “எங்க காண்டோ காவலாளியும் நேப்பாளிதான், அவரு ரொம்ப நல்லவரு. மத்தவங்களை நான் நம்ப மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. அந்தப் பயம் தோள் எலும்போடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது, அதைப் பொய் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்றார்.

திங்கள், மறுபடியும் ரயிலில்

ஆண்ட்டி சொன்னதையே யோசித்துக்கொண்டு வருகிறேன். ஒருவரை நல்லவர் என்று அறிந்துகொள்வது, அவருடைய கூட்டத்தின் மேல் நம்பிக்கையாக மாறுமா? ஈராக்கில் சல்மா மூசா என்ற ஆய்வாளர் செய்த ஒரு சோதனை 2020-ல் வெளிவந்தது. ஐ.எஸ். படையால் ஊரை விட்டு ஓடிய கிறித்தவர்களின் கால்பந்துக் குழுக்களில் சிலவற்றில் முஸ்லிம் ஆட்டக்காரர்களைச் சேர்த்தார். கூட ஆடியவர்களோடு நட்பு வந்தது, தொடர்ந்து சேர்ந்து பயிற்சி செய்தார்கள். ஆனால் ஆடுகளத்துக்கு வெளியே, முன்பின் தெரியாத முஸ்லிம்கள் மேல் அந்த மாற்றம் அவ்வளவாகப் பரவவில்லை. ஆண்ட்டியின் காண்டோ காவலாளி கதையும் இதுதான்.

அதனால்தான் கதைக் கேள்வி அவசியம் என்று நினைக்கிறேன். அங்கிளுக்குத் தம்பி நல்லவர் என்று தெரிந்ததைவிட, அந்த ‘வாடகைக்கு’ அட்டை ஞாபகம் வந்ததுதான் அதிகம் வேலை செய்தது. எதிரே இருந்தவர் வேறு நாட்டுக்காரராக இருந்தாலும் அந்த அட்டை அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். இது என் அனுமானம்தான், ஆனால் மேசையில் உட்கார்ந்து பார்த்தவளாகச் சொல்கிறேன்.

இன்னொரு கவலையும் உண்டு. ஒவ்வொரு ஞாயிறும் ஒரே தொழிலாளி தன் துயரத்தை எடுத்து வைத்துக்கொண்டே இருந்தால் அது அவருக்கு இன்னொரு வேலையாகிவிடும், அதுவும் சம்பளமில்லாத வேலை. டீச்சர் ஒருவரை மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் உட்கார வைப்பதில்லை. பெர்மிட், பாஸ்போர்ட், முதலாளி பெயர் எதையும் யாரும் கேட்கக் கூடாது. தன் கதையைச் சொல்ல விருப்பமில்லை என்றால் உள்ளூர்க்காரரின் கதையைக் கேட்டுவிட்டு, கேள்வி மட்டும் கேட்டுவிட்டுப் போகலாம். நாள் முழுக்கக் கட்டளை கேட்பவர்களுக்கு, கேள்வி கேட்கும் இடம் கிடைப்பதே பெரிசு.

மூன்று மாதம் கழித்து அங்கிளுக்கு டீச்சர் தொலைபேசி செய்வார், எண்ணைத் திரும்பக் கேட்பார். அது மறுபடி இரண்டுக்கு இறங்கியிருந்தாலும் அப்படியே நோட்டில் எழுதுவார். ஆண்ட்டிக்கும் உண்டு.

கிள்ளானில் எங்களுக்கு ஒரு நண்பர் தன் டியூஷன் நிலையத்தை ஞாயிறு மதியங்களில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நாற்காலிகள் அங்கேயே இருக்கின்றன, எல்லாம் ஒரே மாதிரி. மலாய் போதும் என்று நினைத்தேன், ஆனால் புதிதாக வந்தவர்களுக்கு மலாய் அவ்வளவாக வராது, மனதில் இருப்பதைச் சொல்லவே வராது. வங்காள மொழியும் நேப்பாளி மொழியும் தெரிந்த, வாதாடாமல் உட்காரத் தெரிந்த இரண்டு பேர் வேண்டும். தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், இந்த மாதக் கடைசிக்குள் தொடங்கிவிட வேண்டும்.